எச்சம் என்றொரு கட்டம்

பூமியைக் காப்பாற்றிவிடுவது என்று தாளாளர் பூவராகன் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலைப் பொங்கலுக்கும் பதினோரு மணிக் காபிக்கும் நடுவில். அதற்கு முந்தைய வாரம்தான் தரமதிப்பீட்டு வாரியத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. கல்லூரி 'பி' தரத்திலிருந்து 'ஏ' தரத்துக்கு ஏற வேண்டுமென்றால் 'பருவநிலை அக்கறை' என்ற இனத்தில் நூறு மதிப்பெண் இருக்கிறது, தங்கள் கல்லூரி வாங்கியிருப்பது நான்கு என்று அதில் கண்டிருந்தது. அந்த நான்கும் வாசலில் நட்ட வேப்பங்கன்றுக்குக் கிடைத்தவை. கன்று செத்துப்போன சேதி வாரியத்துக்குப் போய்ச் சேரவில்லை.

ஆகவே மாநாடு. மூன்று நாள். 'அழுகிறாள் பூமித்தாய்: பன்னாட்டு இளம் பருவநிலைப் போராளிகள் மாநாடு, 2043.' இடம், கல்லூரியின் புதிய அரங்கம். நாற்பது வரிசை, வரிசைக்கு இருபத்தைந்து இருக்கை. முப்பது வருஷத்துக்கு முன் அங்கே ஒரு ஏரி இருந்தது. ஏரியைத் தூர்த்துக் கட்டிய கட்டடத்துக்கு அந்த ஏரியின் பெயரையே வைத்திருந்தார்கள். நன்றி மறக்காத நிர்வாகம்.

மாநாட்டு ஒருங்கிணைப்பாளர் பதவி துணைப்பேராசிரியர் நாவுக்கரசின் தலையில் விழுந்தது. கட்டடப் பொறியியல் துறையில் சுற்றுச்சூழல் பாடம் எடுப்பவர் அவர்தான் என்பது ஒரு காரணம். இருபது வருஷமாக எதற்கும் மாட்டேன் என்று சொல்லாதவர் என்பது சரியான காரணம். நாற்பத்தெட்டு வயது. நாவுக்கரசு என்ற பெயருக்கு வஞ்சனை செய்யாமல் நன்றாகப் பேசுவார், மைக்கைக் கையில் கொடுத்தால். தாளாளர் அறைக்குள் அந்த நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

"போன வருஷம் இந்த மாதிரி ஒண்ணு நடத்துனமே, எத்தன பேருய்யா வந்தாங்க?" என்று கேட்டார் பூவராகன்.

"முப்பத்தேழு பேருங்க ஐயா."

"அதுல பிரியாணிக்கு வந்தவன் எத்தன?"

"முப்பத்தேழுங்க ஐயா. பிரியாணி பன்னெண்டு மணிக்கே வந்துருச்சு. பன்னெண்டரைக்கு நாலு பேரு இருந்தாங்க. அதுல ரெண்டு பேரு மைக்செட்டுக்காரங்க."

"இந்தவாட்டி ஆயிரம் சீட்டும் ரொம்பணும். பசங்கள ஊக்கப்படுத்தணும்யா. அடிச்சுக் கூட்டியாரக் கூடாது. அவனா வரணும். அப்பதான் வாரியத்துல மார்க்கு."

தானாக வருகிறவனை எப்படி வரவழைப்பது என்ற இந்தச் சிக்கலுக்குத்தான் சென்னையிலிருந்து ப்ரணவ் என்ற இளைஞனும் அவன் கம்பெனியும் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் விற்ற சரக்கின் பெயர் 'நாளைய நீ'. யோசனை எளிது. பெற்றோர் சொன்னாலும் வாத்தியார் சொன்னாலும் மாணவன் கேட்க மாட்டான். அவனே அவனிடம் சொன்னால்? ஐம்பத்தெட்டு வயதான அவனே, வருங்காலத்திலிருந்து போன் செய்து, 'தம்பி, மாநாட்டுக்குப் போடா' என்றால்?

வருகைப்பதிவுக்காக மாணவர்கள் முதலாண்டிலிருந்தே கையில் பட்டை கட்டியிருந்தார்கள். நாடித் துடிப்பு, உடம்புச் சூடு, மூச்சு எல்லாம் அதில் பதிவாகிறது. அத்தோடு முகவரி, பெற்றோர் தொழில், குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், மாணவன் பேசும் பேச்சு எல்லாவற்றையும் போட்டுக் கடைந்தால், அந்த ஆள் ஐம்பத்தெட்டு வயதில் எப்படி இருப்பான், எப்படிப் பேசுவான் என்று இயந்திரம் ஒரு குரலைத் திரட்டி எடுத்துவிடும்.

தாளாளர் அறையிலேயே வெள்ளோட்டம் விட்டார்கள். மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன் விக்னராஜன் சோபா நுனியில் உட்கார, போன் ஒலிபெருக்கியில் இருந்தது.

"டேய் ராஜா, நான்தான்டா நீ," என்றது கரகரத்த ஒரு குரல்.

"எந்த நீ?"

"அம்பத்தெட்டு வயசு நீ."

விக்னராஜன் நெடுநேரம் யோசித்து முக்கியமான கேள்வியைக் கேட்டான். "எம்-த்ரீ கணக்கு அரியர் கிளியர் ஆச்சா?"

"இன்னும் நிக்குது."

"முடி?"

"அத விடு. அங்க மாநாடு ஒண்ணு நடத்துறாங்களே, போறியா?"

"நீ போனியா?"

"இல்லடா. அன்னைக்கு ஹாஸ்டல்ல தூங்கிட்டேன். நல்ல தூக்கம்."

"போயிருந்தா ஏதாவது ஆயிருக்குமா?"

"நீயே யோசிச்சுப் பாரு," என்றது குரல். அதற்கப்புறம் இருவரும், அதாவது ஒருவர், ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார்கள்.

பையனை அனுப்பிவிட்டுத் தாளாளர் ப்ரணவைப் பார்த்த பார்வையில் வேறொருவனாக இருந்தால் பட்டுப்போயிருப்பான்.

"சார், மாடல் கரெக்டா வேலை செய்யுது. அதான் பிரச்சனை," என்றான் ப்ரணவ். "சோம்பேறியோட எதிர்காலம் சோம்பேறியாத்தான் இருக்கும். ஒரே ஒரு வரி சேத்துடலாம் சார். பசங்க எதுக்கு வருவாங்க?"

"ஓ.டி.க்கு," என்றார் நாவுக்கரசு.

ஓ.டி. என்பது கல்லூரி உலகத்தின் சொர்க்கவாசல். வகுப்புக்கு வராதவனை வந்தவனாகக் கணக்கெழுதும் கடிதம் அது. எழுபத்தைந்து சதவீதம் வருகை இல்லையென்றால் தேர்வுக்கு ஹால் டிக்கெட் கிடையாது என்கிற நாட்டில், அறிவைவிட, ஆரோக்கியத்தைவிட, சில சமயம் காதலைவிட அதற்கு மதிப்பு அதிகம். மாநாட்டுக்குப் பத்து நாள் ஓ.டி. என்று தாளாளர் அறிவித்தார். வருங்காலக் குரல்கள் அந்த ஒரு வரியை முதலில் சொல்லி ஆரம்பித்தன. மாணவன் 'சரி' என்று சொன்ன மறுநொடி சான்றிதழ் அவன் போனுக்கே வந்து விழுந்தது.

"ஐயா, மாநாடு முடிஞ்சப்புறம் குடுக்கலாமே," என்று நாவுக்கரசு ஆரம்பித்தார்.

"ரெண்டு நாள்ல வாரியத்துக்கு எண்ணிக்கை காட்டணும்யா. நம்பிக்கைதான் வாழ்க்கை," என்றார் பூவராகன்.

இரண்டு நாளில் மூவாயிரத்துச் சொச்சம் பேர் 'சரி' என்றார்கள். அந்த எண்ணிக்கையை நெகிழிப் பதாகையில் அச்சடித்து, 'நெகிழியை ஒழிப்போம்' என்ற இன்னொரு நெகிழிப் பதாகைக்குப் பக்கத்தில் கட்டினார்கள்.

மூன்றாம் நாள் துறை அறைக்கு துர்காதேவி வந்தாள். நாலாம் ஆண்டு, நாவுக்கரசின் மாணவி, கடலோரத்து நல்லதங்காள்குப்பம். துறையில் முதல் மூன்று இடத்துக்குள் இருப்பவள். ஜூன் மாதம் சேருவதற்கு வேலை ஒன்றும் கையில் வைத்திருந்தாள். தேர்வு எழுதினால் அந்த வேலை. எழுதாவிட்டால் ஒரு வருஷமும் போயிற்று, வேலையும் போயிற்று.

"சார், எனக்கு போன் வரல."

"வந்துருக்கும்மா. நீ எடுத்துருக்க மாட்ட."

"தெரியாத நம்பர்னா எங்க ஊருல புயல் எச்சரிக்கைதான் சார். ரெண்டாவது ரிங்குக்குள்ள எடுத்துருவேன். வரல. எனக்கு மட்டும் இல்ல, ஒம்பதாம் நம்பர் பஸ்ஸுல யாருக்குமே வரல. போன் வரலன்னா பதிவு பண்ண முடியாதுங்குது போன்ல இருக்கற ஆப்பு. பதிவு இல்லன்னா ஓ.டி. இல்ல."

"உனக்கு எதுக்கும்மா ஓ.டி.? நல்லா படிக்கிற பொண்ணு."

"எழுபத்தொண்ணு பெர்சன்ட் சார். பொங்கல் முடிஞ்சு கடல் உள்ள வந்து ரோட்டுல பதினோரு நாள் தண்ணி நின்னுச்சு. மாசி மாசத்துல வெயிலுக்கு நாலு நாள் பஸ்ஸே விடல. அன்னைக்கெல்லாம் காலேஜ் நடந்துச்சு. நீங்ககூட 'பருவநிலை மாற்றம், ஓர் அறிமுகம்' எடுத்தீங்களாம். நான் ஆப்சென்ட்."

நாவுக்கரசு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் நேர்மையாகச் செய்யும் காரியங்களில் அது ஒன்று.

"விசாரிக்கிறேன்மா," என்றார்.

விசாரித்தார். கேன்டீனில் ப்ரணவ் போண்டாவைப் பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஓ, அந்த நானூத்திப் பன்னெண்டு பேரா," என்றான். "அது பிழை இல்ல சார். குரல் பண்ணணும்னா ஆள் இருக்கணும்ல?"

"என்ன ஆளு?"

"அம்பத்தெட்டு வயசு ஆளு. மாடல் கணக்குப்படி இவங்க அந்த வயசுக்கு வரல."

"வரலன்னா?"

ப்ரணவ் சட்னியைத் தொட்டுக்கொண்டான். "வரல சார். வெயில், மூச்சு, தண்ணி, பக்கத்துல ஆஸ்பத்திரி எத்தன கிலோமீட்டர், அப்பா உப்பளத்துல நிக்கிறாரா நெழல்ல உக்காந்துருக்காரா, எல்லாம் சேத்துத்தான் போடுது. எல்லாம் சராசரிதான், தனி ஆளுக்கு அப்படியே நடக்கும்னு இல்ல. ஆனா இல்லாத ஆள் போன் பண்ணி 'மாநாட்டுக்கு வா'ன்னு சொன்னா ஊக்கமா இருக்காது பாருங்க. அதனால ஸ்கிப் பண்ணிடும்."

"இது அவங்களுக்குத் தெரியுமா?"

"எதுக்கு சார் தெரியணும்? லிஸ்ட் உங்களுக்கு அனுப்பறேன். அரசாங்க உத்தரவுப்படி தமிழ்லயே இருக்கும்."

பட்டியல் வந்தது. நான்கு கட்டங்கள். பெயர், துறை, பேருந்து எண், எச்சம். நான்காவது கட்டத்தில் ஆளுக்கொரு எண். ஆறில் ஆரம்பித்து முப்பத்தேழு வரை.

"எச்சமா?"

"ரிமெய்னிங் சார். மிச்சம் இருக்கற வருஷம். மெஷின் மொழிபெயர்த்தது. தப்பா?"

தப்பில்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா நடத்திய பாடம் நாவுக்கரசுக்கு இன்னும் மறக்கவில்லை. முற்றுப்பெறாமல் நிற்கும் சொல்லுக்கு எச்சம் என்று பெயர். சட்டையில் காக்கை போட்டுவிட்டுப் போவதற்கும் அதே பெயர்தான். இயந்திரம் எந்தப் பொருளில் எடுத்ததோ.

தாளாளரிடம் சொன்னார். பூவராகன் முகத்தில் உண்மையான துக்கம் தெரிந்தது. "அட அபசகுனமே," என்றார். "வெளிய சொல்லித் தொலைக்காதய்யா. அவங்கள மாநாட்டுப் பக்கம் விடாத. வாழப்போறவன் உக்கார்ற எடம் அது. இவங்களுக்கு அன்னைக்கு வழக்கம்போல வகுப்பு நடத்து. பாடமாவது கேக்கட்டும்."

பூமி சூடேறுகிறது என்று மூன்று நாள் பேசப்போகும் மாநாட்டுக்கு, அந்தச் சூட்டில் சாகப்போகிறவர்கள் மட்டும் தகுதியில்லாதவர்கள் ஆனார்கள். நாவுக்கரசுக்கு இது உறைத்தது. உறைத்ததை அவர் வெற்றிலைபோல் ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டார்.

"சர்வர் கோளாறும்மா. பதிவு இல்லாதவங்களுக்கு அனுமதி இல்ல, வகுப்பு உண்டு," என்றார் துர்காதேவியிடம்.

"ஒம்பதாம் நம்பர் பஸ்ஸுக்கு மட்டுமா சார்?"

"சர்வருக்கு பஸ் எல்லாம் தெரியாதும்மா."

மாநாடு வெள்ளிக்கிழமை ஆரம்பம். தோரணம், நாதஸ்வரம், குளிர்சாதனத்துக்கு மூன்று ஜெனரேட்டர். வாரியத் தலைவர் டெல்லியிலிருந்து விமானத்தில் சென்னைக்கு வந்து, அங்கிருந்து ஆறு கார்கள் புடைசூழப் புறப்பட்டுவிட்டார். ஒன்பதரை மணிக்கு நாவுக்கரசு மேடையேறி அரங்கத்தைப் பார்த்தார். ஆயிரம் இருக்கையில் பதினோரு பேர். அதில் ஏழு பேர் நாதஸ்வர கோஷ்டி.

மூவாயிரம் பேருக்கும் சான்றிதழ் கையில் இருந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு சேர்ந்து வந்தது. நம்பிக்கையே வாழ்க்கை என்று அவர்கள் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். விக்னராஜன் ஹாஸ்டலில் தூங்கிக்கொண்டிருந்தான். இயந்திரத்தின் துல்லியத்தை மெச்ச வேண்டும்.

பூவராகன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "இன்னும் இருவது நிமிஷத்துல வந்துருவார்யா. வளாகத்துல யாருமே இல்லியா?"

"இருக்காங்க ஐயா. ஓ.டி. இல்லாதவங்க. வகுப்புல இருக்காங்க. நானூத்திப் பன்னெண்டு பேரு."

அபசகுனம் பார்க்க நேரமில்லை. "அழைச்சிட்டு வாய்யா."

வந்தார்கள். அரங்கத்து வாசல்வரை வந்து நின்றுகொண்டார்கள். முன்னால் துர்காதேவி. அவளுக்குப் பக்கத்தில் பாலகுரு, உப்பளத்து ஊர்க்காரன், தமிழ் மன்றத் தலைவன், மூச்சிரைத்துக்கொண்டே வாயாடுகிறவன்.

"உள்ள வாங்கம்மா, சீக்கிரம்," என்றார் நாவுக்கரசு.

"நாங்க பதிவு பண்ணல சார். எங்களுக்கு அனுமதி இல்லன்னு நீங்கதான் சொன்னீங்க," என்றாள் துர்காதேவி.

"சர்வருக்கு ஒடம்பு தேவலையாயிடுச்சுங்களா சார்?" என்று கேட்டான் பாலகுரு. பின்னால் சிரிப்பு.

பூவராகன் மேடைக்குரலை எடுத்தார். "அன்பு மாணவச் செல்வங்களே, பூமித்தாய் அழுதுகொண்டிருக்கும்போது வாசலில் நிற்கலாமா?"

"ஓ.டி. குடுத்தா உள்ள போயி அழுவோம் ஐயா," என்றான் பாலகுரு.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்பா. உள்ள ஏசி போட்டிருக்கு."

துர்காதேவி நகரவில்லை. "அப்புறம்னா எங்களுக்குப் பழக்கம் ஐயா. ரோடு அப்புறம், பஸ்ஸு அப்புறம், கடலுக்குச் சுவரு அப்புறம். இதுல மட்டும் இப்பவே வேணும். எல்லார் பேரும் போட்டு, கையெழுத்து வச்சு, சீல் அடிச்சு, இந்தக் கதவுல ஒட்டுங்க. உக்காந்துடறோம்."

தூரத்தில் சைரன் சத்தம் கேட்டது. தாளாளர் நாவுக்கரசைப் பார்த்தார். "போட்டுத் தொலைய்யா."

நானூற்றுப் பன்னிரண்டு பெயரை இனிமேல் யார் அடிப்பது? நாவுக்கரசின் கணினியில் பட்டியல் தயாராக இருந்தது. அலுவலக அறைக்கு ஓடினார். ப்ரணவ் அனுப்பிய கோப்பைத் திறந்து, தலையில் 'கீழ்க்கண்ட மாணவ, மாணவியருக்குப் பத்து நாள் ஓ.டி. வழங்கப்படுகிறது' என்று அடித்து, அச்சிட்டு, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்தும் முத்திரையும் வைத்தார். கதவில் ஒட்டினார். மாணவர் குழுவுக்கும் போனில் அனுப்பினார். இருபது வருஷத்தில் இவ்வளவு வேகமாக அவர் எந்தக் காரியமும் செய்ததில்லை. வழக்கம்போல் மெதுவாகச் செய்திருந்தால், நான்காவது கட்டத்தை நீக்கவில்லை என்பதை நின்று பார்த்திருப்பார்.

பார்த்தவர்கள் மாணவர்கள். தமிழ்நாட்டுக் கல்லூரியில் கதவில் ஒட்டிய பட்டியலில் பெயருக்கு நேரே எண் இருந்தால் அதற்கு இரண்டே பொருள்தான். ஒன்று மதிப்பெண், இல்லையென்றால் உட்காரும் இடம்.

"எச்சம்னா என்னாடா?"

"மிச்சம். ஓடிப்போனவனுங்க விட்டுட்டுப் போன எடம்."

"இருவத்திநாலு எங்க ரெண்டு பேருக்கும் போட்டுருக்குதே."

"எனக்கும் இருவத்திநாலு."

"வரிசை நம்பர்டா அது. நாப்பது வரிசை இருக்குல்ல, பாரு."

"எனக்கு முப்பத்தாறு. மேடையே தெரியாது."

"எனக்கு ஆறு," என்று பாலகுரு கையைத் தூக்கினான். "முன்னாடி அஞ்சு வரிசையும் சோபா, பெரியவங்களுக்கு. அதுக்கு அடுத்தது நான்தான். தமிழுக்கு இந்தக் காலேஜ்ல இப்பதான்டா மரியாத குடுத்துருக்கானுங்க."

"குடுத்து வச்சவன்டா," என்றான் முப்பத்தாறு.

நாவுக்கரசு மைக்கைப் பிடித்துக்கொண்டு மேடையில் நின்றார். பிள்ளைகள் கையில் போனை வைத்து எண்ணைப் பார்த்துப் பார்த்து வரிசை தேடி உட்காருவதைக் கண்டதும், முதலில் இவர்களுக்கு இவ்வளவு ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்று வியந்தார். அப்புறம் தன் பிரதியைக் குனிந்து பார்த்தார்.

ஆறாம் வரிசையில் மூன்று பேர். ஏழில் பதினொருவர். எட்டு நிரம்பி வழிந்ததில் இரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலி தூக்கி வந்தார்கள். யார் எவ்வளவு சீக்கிரமோ அவர்கள் அவ்வளவு முன்னால். இயந்திரம் போட்ட கணக்கை அந்தப் பிள்ளைகளே நடந்துபோய், கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, படமாக வரைந்து காட்டினார்கள். 'எழுந்திருங்கள், இஷ்டப்பட்ட இடத்தில் உட்காருங்கள்' என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். மைக் கையில்தான் இருந்தது. ஏன் சார் என்று ஒருவன் கேட்டால் சொல்வதற்கு இரண்டாவது வாக்கியம் அவரிடம் இல்லை. நாதஸ்வரம் ஆரம்பித்தது. வாரியத் தலைவர் உள்ளே வந்துவிட்டார்.

தலைவர் நாற்பது நிமிஷம் பேசினார். அதில் முப்பது நிமிஷம் தான் போய்வந்த மாநாடுகளைப் பற்றி. கடைசியில் தழுதழுத்தார். "எங்கள் தலைமுறை முடிந்தது. எதிர்காலம் எங்கே என்று என்னைக் கேட்கிறார்கள். இதோ, என் கண் முன்னால், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது," என்று ஆறாம் வரிசையைக் கைநீட்டிக் காட்டினார். அரங்கம் அதிர்ந்தது. எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியவன் பாலகுரு. தட்டி முடித்ததும் இருமினான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் பூவராகன் ஒருங்கிணைப்பாளரைத் தனியே கூப்பிட்டார். தலைவர் திருப்தியாகப் போயிருந்தார். 'ஏ' நிச்சயம். ஆதலால் தாளாளருக்கு நேர்மை நினைவுக்கு வந்திருந்தது.

"அந்தப் பட்டியலக் கிழிச்சுடுய்யா. பதிவு பண்ணாதவனுக்கு ஓ.டி. குடுத்தா நாளைக்கி கேள்வி வரும். நாளைக்கும் மறுநாளைக்கும் வேற பசங்களப் பிடிச்சுக்கலாம்."

நாவுக்கரசின் நாக்கு வழக்கப்படி மேலண்ணத்தில் போய் ஒட்டியது. பிறகு, எப்படியோ, பிரிந்தது.

"கிழிச்சா ஏன் கிழிச்சீங்கன்னு கேப்பாங்க ஐயா. நாலாவது கட்டத்துல இருக்கற நம்பர் என்னான்னும் கேப்பாங்க."

"என்ன நம்பரு?" தாளாளர் வாங்கிப் பார்த்தார். பட்டியல் ஒட்டி ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. "அடப்பாவி. இத யாருய்யா போடச் சொன்னது?"

"அவசரத்துல எடுக்க மறந்துட்டேங்க ஐயா. பசங்க வரிசை நம்பர்னு நெனச்சுட்டாங்க."

"இப்ப என்னா பண்றது?"

"ஓ.டி. நின்னுச்சுன்னா அது வரிசை நம்பர்தான். ஓ.டி. போச்சுன்னா ஆராய்ச்சி பண்ணுவாங்க. நானூறு பேரும் இஞ்சினியரிங் பசங்க."

பூவராகன் கணக்குப் போட அரை நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "நிக்கட்டும்யா," என்றார்.

நாவுக்கரசு துறை அறைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். இருபது வருஷத்தில் முதல் வீரம். ஒரு பொய்க்கு இன்னொரு பொய்யை முட்டுக்கொடுத்து நிறுத்தியதற்குப் பெயர் வீரம் என்றால், இந்த நாட்டில் பொதுப்பணிக் கட்டடம் ஒவ்வொன்றும் ஒரு வீரகாவியம்தான். இருந்தாலும் நிமிர்த்தியது நிமிர்த்தியதாகவே இருந்தது, துர்காதேவி அங்கே காத்திருப்பதைப் பார்க்கும்வரை.

"ஓ.டி. உறுதி ஆயிடுச்சும்மா," என்றார் அவசரமாக. "உனக்கு ஹால் டிக்கெட் வந்துரும்."

"ரொம்ப தேங்க்ஸ் சார். வேற ஒரு சந்தேகம்." அவள் பட்டியலை மேசைமேல் விரித்தாள். ஓரத்தில் பேனாவால் கோடு கோடாகக் குறித்திருந்தாள். கட்டடப் பொறியியல் படித்த கை. "ஆறுலேந்து பத்து வரைக்கும் உப்பளத்துப் பசங்க. பதினொண்ணுலேந்து சாம்பல்மேட்டுக்காரங்க, அனல் ஆலைக்குப் பின்னாடி இருக்கறவங்க. எங்க குப்பம் பதினெட்டு, பத்தொம்பது. மேட்டுத்தெருவுலேந்து வர்றவங்க எல்லாம் முப்பதுக்கு மேல. வரிசை போட்டவனுக்கு எங்க ஊரையெல்லாம் நல்லாத் தெரியும்போல."

"மெஷின் போட்டதும்மா. குருட்டாம்போக்குல போடும்."

"எனக்கு பத்தொம்பது சார்."

"ம்."

"எனக்கு இப்ப இருவது வயசு."

அவர் கண்ணாடியைக் கழற்றப் போனார்.

"எங்கம்மா முப்பத்தொம்பதுல போச்சு சார்," என்றாள் துர்காதேவி. "வெயில்லதான். கருவாடு காயவெக்கப் போன எடத்துல."

கண்ணாடி கையிலேயே நின்றது. நாவுக்கரசுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. சராசரிதான், தனி ஆளுக்கு அப்படியே நடக்கும் என்றில்லை, மாடல் மாறும், மருத்துவம் வளரும். எல்லாம் மேடையில் வைத்துப் பேச உகந்த வாக்கியங்கள். இந்த மேசை அதற்குச் சின்னதாக இருந்தது.

"அழுவாதீங்க சார்," என்றாள் அவள். அவர் அழவில்லை. அழப்போகிறவர்போல் இருப்பதும் அவருடைய பழக்கங்களில் ஒன்று. "பசங்களுக்குத் தெரியாது. தெரியவும் வேணாம். மே மாசம் பரீட்சை. படிக்கிற நேரம். மே வரைக்கும் யாருக்கும் ஒண்ணும் இல்லல்ல?"

"இல்லம்மா."

"அது போதும் இப்போதைக்கு. அப்புறம் உங்க சர்வர வந்து நான் பாத்துக்கறேன். இப்ப இந்தத் தலைப்ப மட்டும் மாத்துங்க. எச்சம்ன்றத எடுத்துட்டு 'வரிசை எண்'ணு போட்டு, புதுசா சீல் வச்சுக் குடுங்க. பாலகுரு தமிழ் மன்றத் தலைவன். சும்மா இருக்க மாட்டான், அகராதியப் பொரட்டிப் பாப்பான்."

நாவுக்கரசு கணினியைத் திறந்தார். நான்கு எழுத்தை அழித்து அந்த இடத்தில் வேறு எழுத்துகளை வைத்தார். எண்கள் அப்படியே நின்றன. அச்சுப்பொறி தாள் தாளாகத் துப்பியது. அவர் ஒவ்வொன்றிலும் கையெழுத்திட்டு முத்திரை குத்தக் குத்த, அவள் பக்கவாட்டில் நின்று மை காய்வதற்கு ஊதி ஊதி அடுக்கினாள்.

கதவில் பாலகுருவின் தலை தெரிந்தது. படியேறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"சார், ஒரு விண்ணப்பம். நாளைக்கும் இதே வரிசைதானா? ஆறாம் வரிசையில ஏசி நேரா மூஞ்சிலேயே அடிக்குது சார். மூணு நாளைக்கும் அதையே குடுத்துருங்க. யாராவது சிபாரிசுல வந்தா மாத்திராதீங்க."

நாவுக்கரசு முத்திரையை மைப்பெட்டிமேல் வைத்து மூடினார்.

துர்காதேவி கடைசித் தாளை ஊதி, அடுக்கின்மேல் வைத்து, ஓரங்களைத் தட்டிச் சமன் செய்தாள்.

"மாத்த மாட்டாங்கடா," என்றாள். "கையெழுத்தே போட்டாச்சு."